வகுப்பு சத்தமில்லாமல் இருந்தால் அமைதியா? ஆசிரியர் பயிற்சியில் அமைதிக் கல்வி

திருப்பூரை ஒட்டிய ஓர் அரசுப் பள்ளி, எட்டாம் வகுப்பு. எங்கள் கல்லூரியில் பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கும் பயிற்சி ஆசிரியை ஒருவர் ஐக்கிய நாடுகள் சபை பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அவரைப் பார்வையிடப் போன நான் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். சார்ட் அழகாக எழுதியிருந்தார். குரல் பின்வரிசை வரை தெளிவாகக் கேட்டது. "உலக நாடுகளெல்லாம் சண்டை போடாம பேசித் தீர்த்துக்கறதுக்குத்தான் இந்தச் சபை" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் என் முன்னால் ஒரு பை தொப்பென்று தரையில் விழுந்தது. ஒருவன் பக்கத்துப் பையனின் பையைக் காலால் தள்ளிவிட்டிருந்தான். "நகுந்து உக்காருடா பீகாரி" என்று அவன் சொன்னதும் எனக்குக் கேட்டது. மற்றவன் எழுந்து அவன் சட்டையைப் பிடித்தான்.

ஆசிரியை திரும்பிப் பார்த்தார். "ரெண்டு பேரும் வெளிய போய் முட்டி போடுங்க" என்றார். போனார்கள். வகுப்பு கப்சிப்பென்று ஆனது. ஐ.நா. பாடம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. நானும் மதிப்பீட்டுத் தாளை எடுத்து, 'வகுப்பறைக் கட்டுப்பாடு' என்ற கட்டத்தில் பத்துக்கு எட்டு போட்டேன்.

அந்த எட்டு மதிப்பெண் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. தப்பு அந்தப் பெண்ணுடையது அல்ல. பேசித் தீர்ப்பது எப்படி என்று நாங்கள் அவருக்குச் சொல்லித்தரவே இல்லை. சத்தத்தை அடக்கினால் மதிப்பெண் உண்டு என்று மட்டும் சொல்லித்தந்திருந்தோம். ஆசிரியர் பயிற்சிக்குள் அமைதிக் கல்வி ஏன் வர வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் இந்த வகுப்பிலிருந்துதான் தொடங்குவேன்.

அமைதிக் கல்வி என்றால் என்ன?

அமைதிக் கல்வி என்றதும் நம் நினைவுக்கு வருவது காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒரு குறள், ஐந்து நிமிடம் கண்மூடி உட்காருவது, புறா படம், அக்டோபர் 2 பேச்சுப் போட்டி. இவற்றில் எதுவும் கெட்டதல்ல. ஆனால் பை விழுந்த நிமிடத்தில் இவற்றில் ஒன்றும் கை கொடுக்காது.

எளிமையாகச் சொன்னால், மனிதர்களுக்குள் முரண்பாடு வரும்போது ஒருவரையொருவர் காயப்படுத்தாமல், ஒருவருக்கும் அநியாயம் ஆகாமல் அதைக் கையாளும் அறிவையும் பழக்கத்தையும் மனப்பாங்கையும் வளர்ப்பதுதான் அமைதிக் கல்வி. இதில் முரண்பாடு வேறு, வன்முறை வேறு என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். முரண்பாடு இல்லாத வீடு கிடையாது, வரப்புத் தகராறு இல்லாத ஊரும் கிடையாது. இரண்டு பேருக்கு இரண்டு தேவைகள் இருந்தால் உரசல் வரத்தான் செய்யும். அந்த உரசலைக் கையாளத் தெரியாதபோது கை நீள்கிறது. ஆகவே முரண்பாட்டை மூடிவைக்கச் சொல்லித்தருவது அமைதிக் கல்வி ஆகாது. அதை வெளியே எடுத்துப் பேசக் கற்றுத்தருவதுதான் அதன் வேலை.

நார்வே நாட்டு அறிஞர் யோகான் கால்டுங் இந்தத் துறையில் தவிர்க்க முடியாத பெயர். 1959-ல் ஓஸ்லோவில் அமைதி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கியவர், 2024-ல் காலமானார். அவர் அமைதியை இரண்டாகப் பிரித்தார். அடிதடி இல்லாத நிலை ஒன்று, நியாயம் நிலைத்த நிலை இன்னொன்று. முதலாவதை எதிர்மறை அமைதி என்றும் இரண்டாவதை நேர்மறை அமைதி என்றும் சொல்வார்கள். அந்த இரண்டு பையன்களும் முட்டி போட்ட பிறகு வகுப்பில் இருந்தது முதல் வகை. சத்தம் இல்லை, அவ்வளவுதான். ஒருவனை அவன் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் 'பீகாரி' என்று கூப்பிடும் வழக்கம் அப்படியே இருந்தது.

வன்முறையையும் அவர் மூன்றாகப் பார்த்தார். கண்ணுக்குத் தெரிகிற அடி, உதை, வசவு ஒன்று. ஏற்பாட்டுக்குள்ளேயே ஒளிந்திருக்கிற அநியாயம் இரண்டாவது. இதை அமைப்பு வன்முறை என்பார்கள். இதற்கு உதாரணம் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2018-ல் திருப்பூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில், பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஊரில் சிலர் எதிர்த்தார்கள். அவரை வேறு இடத்துக்கு மாற்றும் அளவுக்கு அது போனது. கண்டனம் எழுந்த பிறகே அந்த மாற்றல் ரத்தானது. அங்கே மாணவர்கள் யாரும் யாரையும் அடிக்கவில்லை. ஆனால் தட்டில் விழும் சோற்றை வைத்து யார் மேல், யார் கீழ் என்று அந்தப் பிள்ளைகள் ஒரு பாடம் படித்துவிட்டார்கள்.

மூன்றாவது, இந்த இரண்டையும் சரிதான் என்று நம்பவைக்கிற பேச்சு. "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்று நம்மிடம் ஒரு பழமொழியே இருக்கிறது. பள்ளியில் சேர்க்க வரும்போது "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க சார்" என்று சொல்லாத பெற்றோர் போன தலைமுறையில் குறைவு. பிரியமாகத்தான் சொன்னார்கள். பிரியமாகச் சொன்னதனால்தான் அது ஒருவருக்கும் தவறாகப் படவில்லை.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது?

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1945 நவம்பரில் லண்டனில் கூடி, ஐ.நா.வின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பான யுனெஸ்கோவின் சாசனத்தை எழுதினார்கள். போர் மனிதர்களின் மனதில்தான் தொடங்குகிறது, ஆகவே அமைதிக்கான அரணையும் மனதில்தான் கட்ட வேண்டும் என்பது அதன் முதல் கருத்து. மனதில் கட்டும் வேலை யாருக்கு? வேறு யாருக்கு, ஆசிரியருக்குத்தான்.

அதற்கு முன்பே இதைச் சொன்னவர் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி. போரைத் தள்ளிப்போடுவது அரசியலின் வேலை, அமைதியை உண்டாக்குவது கல்வியின் வேலை என்று 1930-களில் ஐரோப்பாவில் ஊர் ஊராகப் பேசினார். 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர்க்காலம் முழுவதும் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. நம் பக்கத்துக் கொடைக்கானலிலும் சில காலம் இருந்தார். அமைதியைப் பற்றிப் பேசியவர் பெரியவர்களுக்கு மாநாடு நடத்துவதோடு நிற்காமல் ஆசிரியர் பயிற்சியைக் கையில் எடுத்தார் என்பதைக் கவனியுங்கள். காந்தியும் 1937-ல் வார்தாவில் ஆதாரக் கல்வியை முன்வைத்தபோது, கை வேலையும் கூடி வாழ்வதும் கல்வியிலிருந்து பிரியக் கூடாது என்றார். தி. சு. அவினாசிலிங்கம் 1930-ல் தொடங்கிய, இன்று கோவை பெரியநாயக்கன்பாளையத்தில் இருக்கும் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம் அந்தக் காற்றில் வளர்ந்ததுதான். ஆசிரியர் பயிற்சியும் அங்கே நடக்கிறது. கொங்கு நாட்டுக்கு இந்த எண்ணம் புதிதல்ல என்று சொல்லவே இதைக் குறிப்பிடுகிறேன்.

இந்திய அளவில், 2005-ம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு அமைதிக்கான கல்விக்கென்றே ஒரு நிலைப்பாட்டு அறிக்கையை வெளியிட்டது. அமைதியைத் தனிப் பாடமாக ஆக்காதீர்கள், எல்லாப் பாடங்களுக்குள்ளும் கரையவிடுங்கள் என்பது அதன் சாரம். ஐ.நா.வின் வளர்ச்சி இலக்குகளில் 4.7 என்ற எண்ணின் கீழும் இது வருகிறது. யுனெஸ்கோ இதைப் பற்றி 1974-ல் கொடுத்திருந்த பரிந்துரையைப் புதுக்கி 2023 நவம்பரில் மறுபடியும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆவணங்களுக்குக் குறைவில்லை. அவை வகுப்பறை வாசல் வரை வந்து நின்றுவிடுகின்றன.

ஏன் பயிற்சியின்போதே வேண்டும்?

வேலைக்குச் சேர்ந்த பிறகு இரண்டு நாள் பணியிடைப் பயிற்சி கொடுத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது என்பதற்கு என் அனுபவமே சாட்சி. நான் பி.எட். படித்தபோது, மார்ஜின் சரியாகப் போடவில்லை என்று என் ரெக்கார்டு நோட்டை ஓர் ஆசிரியர் எல்லார் முன்னாலும் தூக்கி எறிந்தார். நோட்டு மின்விசிறிக் காற்றில் பிரிந்து தாள்கள் பறந்தன. குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். இனி யாரிடமும் இப்படி நடந்துகொள்ள மாட்டேன் என்று அன்று அழுதுகொண்டே நினைத்தேன். ஆனால் பள்ளி வேலையில் சேர்ந்த முதல் வருடமே, வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையின் நோட்டை நானும் எறிந்தேன். கை தானாகச் செய்தது.

இதுதான் அடிப்படை. ஆசிரியர்கள் தாங்கள் படித்ததைச் சொல்லித்தருவார்கள். தங்களை நடத்திய மாதிரிதான் பிறரை நடத்துவார்கள். அந்தச் சங்கிலியை எங்காவது அறுக்க வேண்டுமென்றால், ஒரு மனிதர் மாணவராகவும் ஆசிரியராகவும் ஒரே நேரத்தில் இருக்கிற பயிற்சிக் காலத்தை விட்டால் வேறு நல்ல சந்தர்ப்பம் கிடையாது. 2014-ம் ஆண்டு விதிமுறைகளின்படி பி.எட். இரண்டு வருடப் படிப்பானது. அதில் குறைந்தது 20 வாரம் களத்தில் இருக்க வேண்டும், 16 வாரம் பள்ளியிலேயே. முன்பிருந்த நாற்பது நாள் கற்பித்தல் பயிற்சியோடு ஒப்பிட்டால் இது நிறையவே. அந்த 16 வாரத்தில் பயிற்சி ஆசிரியர் பார்ப்பது, படுவது எல்லாம் அவருக்குள் தங்கிவிடும்.

படுவது என்று தெரிந்தேதான் சொல்கிறேன். பயிற்சிக்குப் போன ஒரு பள்ளியில் எங்கள் பிள்ளைகள் ஏழு பேருக்கு மூன்று வாரம் உட்கார நாற்காலி இல்லை. தாழ்வாரத் திண்ணையில் உட்கார்ந்து லெசன் பிளான் எழுதினார்கள். கேட்டதற்கு, "வந்து போறவங்கதானே" என்று பதில் வந்தது. அப்படி உட்கார்ந்தவரிடம் போய் வகுப்பில் எல்லாக் குழந்தைக்கும் மரியாதை கொடுங்கள் என்று சொன்னால் அவருக்கு அது வெறும் தேர்வு விடையாகத்தான் தெரியும்.

சட்டமும் இதைக் கேட்கிறது. 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு உடல் தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. முட்டி போடச் சொல்வதும் அதில் அடங்கும். ஆனால் 'செய்யாதே' என்று சட்டம் சொன்னால், அதற்குப் பதில் என்ன செய்வது என்பதை யாராவது சொல்லித்தர வேண்டும் அல்லவா? குச்சியை வாங்கி வைத்துக்கொண்டு வெறுங்கையோடு அறுபது பிள்ளைகள் முன்னால் ஓர் இளம் ஆசிரியரை நிறுத்துவது அவருக்கும் நியாயமில்லை.

பயிற்சி வகுப்பில் என்ன செய்யலாம்?

நாங்கள் செய்து பார்த்தவற்றைச் சொல்கிறேன்.

நுண்ணிலைக் கற்பித்தல் என்று பி.எட். படித்த எல்லாருக்கும் தெரியும். ஆறு நிமிடம் பாடம், ஆறு நிமிடம் பின்னூட்டம், பன்னிரண்டு நிமிடம் திருத்தித் தயாரிப்பு, மறுபடி ஆறு நிமிடம் பாடம், ஆறு நிமிடம் பின்னூட்டம். மொத்தம் 36 நிமிடச் சுற்று. கேள்வி கேட்கும் திறன், கரும்பலகைத் திறன் என்று ஒவ்வொன்றையும் தனியாக எடுத்துப் பழகுவோம். அந்தப் பட்டியலில் 'சச்சரவைக் கையாளும் திறன்' என்று ஒன்றைச் சேர்த்தோம். சக மாணவர்களில் இரண்டு பேர் நடுப் பாடத்தில் நிஜம் மாதிரி சண்டை தொடங்குவார்கள். ஆறு நிமிடத்தில் பயிற்சி ஆசிரியர் என்ன செய்கிறார், என்ன சொல்கிறார் என்று மற்றவர்கள் அப்படியே எழுதுவார்கள்.

முதல் சுற்றில் கிட்டத்தட்ட எல்லார் வாயிலும் ஒரே மாதிரி வார்த்தைகள்தான் வரும். "எத்தனை தடவை சொல்றது? அறிவிருக்கா?" எழுதியவர் அதை அவரிடமே வாசித்துக் காட்டும்போது முகம் சுருங்கும். பிறகு நான்கு படி சொல்லித்தருவோம். நான் பார்த்தது என்ன, எனக்கு என்ன ஆகிறது, என்ன தேவை, என்ன கேட்கிறேன். தீர்ப்புச் சொல்லாமல் இந்த நான்கையும் பேசிப் பழக வேண்டும். "கணக்குப் போடும்போது மூணு தடவை பேசினே கண்ணு. எனக்கு நடுவுல விட்டுப்போகுது. பின்னாடி இருக்கறவங்களுக்கும் கேக்கணும். இது முடியற வரைக்கும் பொறுத்துக்கறயா?" இதைச் சொல்லிப் பாருங்கள், முதலில் நாடகம் மாதிரி இருக்கும். ஐந்தாவது தடவை நம் பேச்சாகவே ஆகிவிடும். இதைப் பேச 15 விநாடி போதும், திட்டுவதற்கும் அதே நேரம்தான் ஆகிறது.

அடுத்தது, எங்கள் பகுதி விவகாரம் ஒன்றை எடுத்து இரு பக்கமும் நின்று பேசுவது. கீழ்பவானி வாய்க்காலை எடுத்தோம். சுமார் 200 கிலோமீட்டர் ஓடி, ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கருக்குப் பாசனம் கொடுக்கிறது. அதற்குக் கான்கிரீட் தளம் போடும் திட்டம் வந்ததும் விவசாயிகள் இரண்டாகப் பிரிந்தார்கள். கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்வதில்லை, ஆகவே தளம் வேண்டும் என்றார்கள் ஒரு சாரார். மண் வாய்க்காலின் கசிவுதான் எங்கள் கிணற்றுக்கு ஊற்று, தளம் போட்டால் கிணறு வற்றிவிடும் என்றார்கள் மற்றவர்கள். போராட்டம், எதிர்ப் போராட்டம் என்று அது நீண்டது.

வகுப்பில் பாதிப் பேர் கடைமடை, பாதிப் பேர் கசிவு நீர்க் கிணற்றுக்காரர்கள். பெருந்துறை பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவரின் வீட்டில் கசிவு நீரை நம்பித்தான் விவசாயம். வேண்டுமென்றே அவரைக் கடைமடைக்காரராகப் பேசச் சொன்னேன். எழுந்து நின்றார். ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. "எங்கப்பா கேட்டா என்ன சொல்லுவாருன்னு தெரிலீங்க மேடம்" என்றார். சிரிக்கவில்லை யாரும். அப்புறம் மெதுவாக ஆரம்பித்தார். "நட்ட நெல்லு கண்ணு முன்னால காயுது. முறை வச்சுத் தண்ணி விடறாங்கன்னு சொல்றாங்க, எங்க மடைக்கு ஈரம்கூட வர்றதில்லீங்க." அவர் உட்காரும்போது முகமே மாறியிருந்தது.

இந்தப் பயிற்சியில் கற்கவேண்டியது 'நிலைப்பாடு' வேறு, 'தேவை' வேறு என்பது. 'தளம் வேண்டும்', 'தளம் வேண்டாம்' இரண்டும் நிலைப்பாடு. அவை ஒன்றுக்கொன்று மோதும். அவற்றுக்குக் கீழே இரு பக்கமும் இருப்பது ஒரே பயம்தான்: தண்ணீர் இல்லாமல் போய்விடுமோ என்பது. நிலைப்பாட்டை வைத்துப் பேசினால் ஒருவர் தோற்க வேண்டும். தேவையை வைத்துப் பேசினால் யோசிக்க இடம் இருக்கிறது. வாய்க்கால் பிரச்சினையை வகுப்பில் தீர்க்க முடியாது, அது எங்கள் நோக்கமும் அல்ல. ஜன்னலோர சீட்டுக்கு அடித்துக்கொள்கிற ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் "உனக்கு எதுக்கு அந்த இடம் வேணும்?" என்று கேட்கத் தோன்றினாலே போதும். ஒருவனுக்குப் போர்டு தெரியாமல் இருக்கும், இன்னொருவனுக்குக் காற்று வேண்டியிருக்கும்.

மூன்றாவதாக ஜிக்சா முறை. 1971-ல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகளை ஒரே பள்ளியில் சேர்த்தபோது வகுப்பறைகளில் பகை மூண்டது. எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் இந்த முறையை அப்போதுதான் உண்டாக்கினார். பாடத்தை ஐந்து துண்டாக்க வேண்டும். ஐந்து பேர் கொண்ட குழுவில் ஆளுக்கு ஒரு துண்டு. ஒரே துண்டு கிடைத்தவர்கள் எல்லாக் குழுக்களிலிருந்தும் தனியாகக் கூடி அதைக் கற்றுக்கொண்டு, தன் குழுவுக்குத் திரும்பி மற்ற நால்வருக்கும் சொல்லித்தர வேண்டும். ஒருவனை ஒதுக்கினால் அவனிடம் இருக்கும் துண்டும் போய்விடும், பாடம் முழுமை ஆகாது. சேர்ந்து இருங்கள் என்று புத்திமதி சொல்லவே தேவையில்லை, வேலையே சேர்த்துவைக்கும். சமமான நிலை, பொதுவான இலக்கு, கூட்டு வேலை, மேலே இருப்பவரின் ஆதரவு என்ற நான்கும் இருந்தால்தான் கலந்து பழகுவது வெறுப்பைக் குறைக்கும் என்று உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-லேயே சொல்லியிருந்தார். நான்கும் இதில் இருக்கின்றன. பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தால் மட்டும் போதாது என்பதற்கு அந்த எட்டாம் வகுப்பின் பின் பெஞ்சே சாட்சி.

சூடான விஷயங்களை என்ன செய்வது?

பயிற்சி ஆசிரியர்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். சாதி, மதம், வெளிமாநிலத்தவர் என்று பேச்சு வந்தால் "அதெல்லாம் இங்க பேசக் கூடாது" என்று மூடிவிடுவார்கள். பயம் புரிகிறது. ஆனால் பிள்ளைகள் பேசாமல் இருக்கப் போவதில்லை. போனில் வருவதை வைத்துப் பேசுவார்கள்.

2023 மார்ச்சில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் வட மாநிலத் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று பொய்யான வீடியோக்கள் பரவின. வேறு எங்கோ, எப்போதோ நடந்தவற்றைத் திருப்பூரில் நடந்ததாகக் காட்டினார்கள். தொழிலாளர்கள் பயந்து ரயிலேறினார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துச் சென்றது. காவல்துறை அவை பொய் என்று விளக்கிக்கொண்டே இருந்தது. பனியன் கம்பெனிகளில் ஆள் குறைந்தது. ஒரு வீடியோ வந்தால் யார் அனுப்பியது, எப்போது எடுத்தது, கடைப் பலகையில் எந்த மொழி இருக்கிறது, பார்த்ததும் எனக்குள் கோபமா பயமா என்ற நான்கு கேள்விகளை ஒரு பாடவேளையில் சொல்லித்தரலாம். இதுவும் அமைதிக் கல்விதான், இன்றைக்கு மிக அவசரமானதும் இதுதான் என்பது என் எண்ணம்.

கோவையில் படிப்பவர்களுக்கு இன்னொன்று இருக்கிறது. 1997 நவம்பர் இறுதியில் ஒரு போக்குவரத்துக் காவலர் கொலை செய்யப்பட்டதும், அதைத் தொடர்ந்த கலவரத்தில் 18 முஸ்லிம்கள் உயிரிழந்ததும், 1998 பிப்ரவரி 14 தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் இறந்ததும் பாடப்புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவை அல்ல. ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு விதமாகக் கேட்டு வளர்ந்தவை. இன்றைய பயிற்சி ஆசிரியர்கள் அப்போது பிறந்திருக்கவே இல்லை. ஆனாலும் வகுப்பில் அந்தப் பேச்சு வந்தால் முஸ்லிம்கள் அதிகம் வாழும் உக்கடத்திலிருந்து வருபவரும் ஆர்.எஸ்.புரத்திலிருந்து வருபவரும் வேறு வேறு பக்கம் பார்ப்பார்கள். ஒரு வருடம் துணிந்து எடுத்தேன். விதி ஒன்றுதான்: யார் காரணம் என்று பேசக் கூடாது, நம் வீட்டில் அன்றைக்கு என்ன நடந்தது என்று மட்டும் சொல்ல வேண்டும். வட்டமாக உட்கார்ந்து, ஒரு பேனாவைக் கை மாற்றி, பேனா வைத்திருப்பவர் மட்டும் பேசினார். சித்தப்பாவைத் தேடி அம்மா ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்ததாக ஒரு பெண் சொன்னார். கடையைத் திறக்கவே முடியாமல் தாத்தா ஊரை விட்டுப் போனதாக இன்னொருவர் சொன்னார். அன்றைக்கு வகுப்பு முடிந்து ரொம்ப நேரம் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. இதைத் தயாரிப்பில்லாமல் செய்யக் கூடாது. அழுபவரைத் தேற்ற ஆள் வேண்டும், பேச விரும்பாதவர் பேனாவை அடுத்தவருக்குத் தந்துவிட உரிமை வேண்டும்.

சாதியைப் பொறுத்தவரை அரசே ஒரு படி எடுத்திருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைந்தது. 2024 ஜூனில் அது அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்ட மாணவர்கள் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுப்பது, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை எடுப்பது ஆகியவை செய்தியில் அதிகம் வந்தன. ஆசிரியர் பயிற்சிப் பாடத்திட்டங்களையே திருத்த வேண்டும் என்று அதில் இருப்பதைக் கவனித்தவர்கள் குறைவு. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. கயிற்றை ஒரே நாளில் அவிழ்த்துவிடலாம், அதைக் கட்டிக்கொண்டு வரும் பையனிடம் பேசத் தெரிந்த ஆசிரியரை உருவாக்க இரண்டு வருடம் வேண்டும்.

அந்த எட்டு மதிப்பெண்

மறுவாரம் பயிற்சி ஆசிரியையைக் கூப்பிட்டு உட்காரவைத்து, நான் போட்ட மதிப்பெண் தவறு என்று சொன்னேன். அவர் பயந்துவிட்டார். "நான் என்ன பண்ணியிருக்கணுங்க மேடம்?" என்றார். சேர்ந்தே யோசித்தோம். மதிப்பீட்டுத் தாளில் 'வகுப்பறைக் கட்டுப்பாடு' என்ற வரியை அடித்துவிட்டு மூன்று கேள்விகளை எழுதினோம். பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாரா? சச்சரவு வந்தபோது இரு பக்கமும் கேட்டாரா? பாடம் முடியும்போது பேசாமலே இருந்த பிள்ளை யார் என்று அவருக்குத் தெரியுமா? அதற்குப் பிறகு எங்கள் துறையில் அந்தத் தாளைத்தான் வைத்திருக்கிறோம்.

அவர் அந்தப் பையனின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். ஒடிசாக்காரன். பீகாருக்கும் அவனுக்கும் சம்பந்தமே இல்லை. வகுப்பில் சேர்ந்து நாலு மாதம் ஆகியும் யாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

அடுத்த முறை நான் போனபோது நொய்யல் ஆற்றை ஜிக்சா முறையில் நடத்திக்கொண்டிருந்தார். வெள்ளியங்கிரி மலை, கோவைக் குளங்கள், திருப்பூர்ச் சாயப்பட்டறைகள், ஒரத்துப்பாளையம் அணை, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேரும் இடம் என்று ஐந்து துண்டுகள். அவனுக்குச் சாயப்பட்டறைத் துண்டு. அவன் அப்பா வேலை செய்வதே ஒரு பட்டறையில். தமிழ் தடுமாறியது, எழுந்துபோய்ப் போர்டில் ஒரு தொட்டியும் குழாயும் வரைந்தான். பையைத் தள்ளியவன் அதே குழுவில் இருந்தான். கொஞ்ச நேரம் போர்டையே பார்த்துவிட்டு, "அந்தத் தண்ணி அப்புறம் எங்கடா போகும்?" என்று கேட்டான். இவனுக்குத் தெரியவில்லை. ஒரத்துப்பாளையம் துண்டு வைத்திருந்த பிள்ளை கையைத் தூக்கினாள்.